கவர் பிரிக்காத உப்பு

ஒரு மழைக்காலத்தில் ஒரு கைப்பிடி கல்லுப்பு மலை கடக்கக் கிளம்பியது. உப்புக்குக் கால் கிடையாது. அதனால் ஒரு மூங்கில் தடியின் நுனியில் ஏறிக்கொண்டது.

ஏறிக்கொண்டது என்று உப்புதான் சொல்லித் திரிந்தது. உண்மையில் அதைத் துணியில் முடிந்து தடியில் கட்டியவள் லூர்து. ஊசிமேட்டில், சாலை முடிகிற இடத்தில் டீக்கடை போட்டிருப்பவள். அங்கிருந்து கல்லடிக்கோம்பை வரைக்கும் ஒரு பழைய கழுதைப் பாதை போகிறது. ஐந்து நாள் நடை. நடுவில் ஊர் கிடையாது, கடை கிடையாது. நாலாம் நாள் தங்குவதற்கு ஒரு காவல் கொட்டகை உண்டு, அவ்வளவுதான். அந்தப் பாதையில் மழைக்காலத்தில் போகிறவர்களுக்கு யானையைவிட அட்டையிடம்தான் பயம் அதிகம். யானை எப்போதாவது வரும். அட்டை எப்போதும் வரும்.

அன்றைக்குப் போகக் கிளம்பியவள் தமயந்தி. பஸ்களில் டிக்கெட் அடிக்கிற மெஷின் கெட்டுப்போனால் சரிசெய்து கொடுப்பது அவள் வேலை. கூட வந்த நாய்க்குப் பெயர் சர்வேயர். கண்ட மரத்தையெல்லாம் எல்லைக்கல் என்று நினைத்துக் காலைத் தூக்கும். பெயர் வைக்க யாரும் ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை.

“இந்தா அம்மிணி. அட்டை ஏறுச்சுன்னா இத நனைச்சு ஒத்து எடு. தானா விழுந்துரும்,” என்றாள் லூர்து.

“நனைச்சா கரைஞ்சிடாதாக்கா?”

“கரையும்தான். அதுக்கென்ன, செலை செஞ்சு வெக்கவா போற?”

தமயந்திக்கு மனசு கேட்கவில்லை. அவள் பிறந்து வளர்ந்த வீடு அப்படி. ஆறு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய டி.வி. ரிமோட் இன்னும் அதன் உறையிலேயே இருக்கிறது. எந்தப் பட்டன் எது என்று தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்கூட்டர் சீட்டில் கம்பெனிக் கவர் கிழிந்து தொங்கும், ஆனால் யாரும் கழற்றமாட்டார்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பெண் ஒரு பொருளை மழையில் நனைய விடுவாளா? பையிலிருந்து ஒரு ஜவுளிக்கடைக் கவரை எடுத்தாள். உப்பு முடிச்சின் தலையில் மாட்டினாள். இரண்டு ரப்பர் பேண்டை இறுக்கிப் போட்டாள்.

லூர்து பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பால் பொங்கிவிட்டது. ஓடிவிட்டாள்.

கவருக்குள் ஒரே சந்தோஷம்.

“ராசா, பயப்படாதே. நானிருக்கேன்,” என்றது கவர். “எங்க வம்சத்துல உள்ள இருக்கிறத வெளிய விட்டதா சரித்திரமே இல்ல.”

“இதுதான் மரியாதை,” என்றது உப்பு. “கடலையே காயவெச்சு என்னை எடுத்தாங்க, தெரியும்ல? நான் வெயில்ல பொறந்தவன். மழையெல்லாம் நமக்கு ஒத்துக்காது.”

“அட்டைக்குத்தானே உன்னைக் கட்டினாங்க?” என்றது தடி. தடி காட்டில் வளர்ந்தது. சுற்றி வளைத்துப் பேச அதற்குத் தெரியாது.

“கட்டினாங்க. அதுக்காக யார் கூப்பிட்டாலும் ஓடிடுவேனா?”

முதல் நாள் வெயில். பிரச்சினை ஏதும் இல்லை. சர்வேயர் முன்னால் போயிற்று. கழுதைகள் அந்தப் பாதையில் நடந்து பல வருஷம் ஆகிவிட்டது, பாதி இடத்தில் புல் மூடிக் கிடந்தது. ஆனாலும் நாய் மூக்கைத் தரையில் வைத்தால் போதும், வளைவு எங்கே, மேடு எங்கே என்று படித்துவிடும். தமயந்தியின் பையிலிருந்த போனுக்கு இது பிடிக்கவில்லை.

“இருநூறு மீட்டரில் வலப்புறம் திரும்பவும்,” என்றது போன்.

வலப்புறம் பள்ளம்.

“நீ திரும்பு. நாங்க பின்னாடி வர்றோம்,” என்றது நாய். அன்று மதியம் டவர் போயிற்று. போன் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாம் நாள் மழை பிடித்தது. இலை நுனியில், புல் நுனியில், கல் இடுக்கில் எல்லாம் அட்டைகள் எழுந்து நின்று தலையை ஆட்டின. கல்யாண மண்டப வாசலில் நிற்கிறவர்கள் மாதிரி.

ஒன்று தமயந்தியின் கணுக்காலில் ஏறியது. “வணக்கம்க்கா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். அட, உக்காந்துட்டேன் பாருங்க.”

தமயந்தி தடியைத் திருப்பி, கவர் போட்ட உப்பால் அதை ஒத்தினாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் அழுத்தி ஒத்தினாள்.

“கன்னத்தத் தடவிக் குடுக்கிறாங்க! எவ்வளவு நல்ல மனுஷங்க,” என்று அட்டை கண்ணை மூடிக்கொண்டது.

“ச்சீ, இந்த ஊர் அட்டைக்கு உப்பும் உறைக்காது போல,” என்று தமயந்தி நகத்தால் பிய்த்துப் போட்டாள். ரத்தம் நிற்காமல் வழிந்தது. கவர்தான் காரணம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வீட்டில் கவரோடு ரிமோட்டை அமுக்கிச் சேனல் மாறாவிட்டால்கூட அவர்கள் கேபிள்காரனைத்தான் திட்டுவார்கள்.

நாயின் பாடு இன்னும் மோசம். கால் விரலிடுக்கில் நாலு, காதுக்குப் பின்னால் மூன்று. அது தடியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மேலே பார்த்தது.

“உப்பண்ணே, கொஞ்சம் எறங்கி வாயேன். நாலே நாலு சொட்டுப் போதும்.”

“இங்க பாரு சர்வேயர்,” என்றது உப்பு. “சில்லறைத் தேவைக்கெல்லாம் நான் கரைஞ்சு போயிட்டா, பெரிய தேவை வர்றப்போ யார் இருப்பா?”

“பெரிய தேவை எப்ப வரும்?”

“வந்தா நானே சொல்றேன்.”

நாய் காலை நக்கிக்கொண்டே எழுந்து முன்னால் போயிற்று.

“ஒரு கல்லுகூடக் குறையல ராசா,” என்று கவர் கொஞ்சியது. “பொறந்தப்ப எப்படி இருந்தியோ அப்படியே இருக்க.”

“அதான் வேணும்,” என்றது உப்பு. சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. ஆனால் அது அதைக் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டது.

மூன்றாம் நாள் காற்று. கூடாரம் கட்டிய அரைமணி நேரத்தில் அதை இரண்டாகக் கிழித்துவிட்டது. தமயந்தி ஒரு பாறை இடுக்கில் ஒண்டிக்கொண்டு, கிழிந்ததைப் போர்த்திக்கொண்டு, நாயைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்தாள்.

“நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள கொட்டகைக்குப் போயிடணும்டா. இன்னொரு ராத்திரி இப்படி ஒக்காந்தா ரெண்டு பேரும் வெறச்சிடுவோம்,” என்றாள்.

சர்வேயர் வாலை ஆட்டியது. போய்விடலாம் என்று அர்த்தம். பிறகு தாகம் எடுத்துப் பாறை அடியில் இருந்த ஊற்றில் வாயை வைத்தது. அந்தத் தண்ணீரில் நூல் மாதிரி ஒரு பொடி அட்டை மிதந்துகொண்டிருந்தது. நாய் மூச்சை இழுத்தது. அட்டை அந்த மூச்சிலேயே மூக்குக்குள் போய்விட்டது.

“அடேயப்பா, உள்ள நல்ல வெதுவெதுப்பு. வாடகைக்கு வந்த வீடு மாதிரியே தெரியல,” என்று அது உள்ளே நன்றாகச் சாய்ந்துகொண்டது.

நாலாம் நாள் காலையில் மலை காணாமல் போயிருந்தது. மூடுபனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. சர்வேயர் முன்னால் போக, தமயந்தி அதன் வாலைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். நாய் அடிக்கடி தும்மியது. தும்மினபோது ஒரு பக்க மூக்கில் ரத்தம் வந்தது.

பத்து மணிக்கு ஒரு பட்டுப்போன அடிமரத்தைத் தாண்டினார்கள். பன்னிரண்டு மணிக்கு அதே மாதிரி ஒரு அடிமரத்தைத் தாண்டினார்கள். இரண்டு மணிக்கு மூன்றாவது அடிமரம் வந்தது. தமயந்தி அதன்மேல் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தாள். காலையில் அவள் போட்ட பிஸ்கட் காகிதம் அங்கேயே கிடந்தது.

“டேய்,” என்றாள். “நம்ம சுத்திக்கிட்டே இருக்கோமாடா?”

சர்வேயர் வாலைத் தூக்கிக்கொண்டு, ரொம்பத் தெரிந்த மாதிரி இடது பக்கம் கிளம்பியது. இருபது அடி போனது. இருபத்தோராவது அடிக்குத் தரை இல்லை. தமயந்தி பாய்ந்து கழுத்துப் பட்டையைப் பிடித்தாள். கல் உருண்டது. அது கீழே விழுந்த சத்தம் ரொம்ப நேரம் கழித்துத்தான் கேட்டது.

இரண்டு பேரும் பின்னால் நகர்ந்தார்கள். தமயந்தி நாயின் முகத்தைத் திருப்பி மூக்கைப் பார்த்தாள். உள்ளே கறுப்பாக ஒரு முனை நெளிந்தது. சுண்டுவிரலை விட்டாள், வழுக்கியது. தடியை எடுத்துக் கவரோடு உப்பை மூக்கில் ஒத்தி ஒத்தி எடுத்தாள். உள்ளே இருந்த அட்டை சிரித்தது.

“போடா! இந்த உப்பையும் நம்பி வந்தேன் பாரு,” என்று தடியைத் தரையில் எறிந்துவிட்டு, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

தடியும் உப்பும் சேற்றில் கிடந்தன. சர்வேயர் மெதுவாக வந்து பக்கத்தில் படுத்தது.

“உப்பண்ணே, ஒண்ணு சொல்றேன். அவகிட்ட சொல்லிடாதே,” என்றது ரகசியமாக. “நேத்து ராத்திரிலயிருந்து எனக்கு வாசனையே வரல.”

“வாசனை வரலையா? அப்புறம் எப்படி முன்னாடி நடக்கிற?”

“வாலைத் தூக்கிட்டு நடக்கிறேன். வால் தூக்கியிருந்தா அவ பயப்படமாட்டா.”



நாய் மறுபடி தும்மியது. சிவப்பாக ஒரு சொட்டுச் சேற்றில் விழுந்தது. பிறகு எழுந்துபோய்த் தமயந்தியின் காலடியில் உட்கார்ந்து, வாலை நேராக வைத்துக்கொண்டது. அது நடுங்கியது. ஆனாலும் நேராகவே இருந்தது.

“தடி,” என்றது உப்பு.

“என்ன?”

“பெரிய தேவைன்னா எப்படி இருக்கும்? மேளம் கொட்டிட்டு வரும்னுல்ல நெனச்சேன்.”

“எனக்குத் தெரியாது,” என்றது தடி. “இது சின்னதுன்னு தோணுச்சுன்னா சொல்லு, படுத்துத் தூங்கலாம்.”

உப்பு கவரிடம் திரும்பியது. “கொஞ்சம் வழி விடு.”

“வெளிய மழை ராசா.”

“தெரியும்.”

“கரைஞ்சிடுவே.”

“அதான் தெரியும்னு சொல்றேன்ல.”

“அப்ப சத்தியமா விடமாட்டேன்,” என்று கவர் இன்னும் இறுக்கிக்கொண்டது. “இது பாசம் ராசா. உனக்கு இப்ப புரியாது.”

“தடி! பக்கத்துல முள்ளு ஏதாவது இருக்கா?”

“இண்ட முள்ளு இருக்கு. வளைஞ்ச முள்ளு, பிடிச்சா விடாது.”

“போ.”

“நெசமாவா? அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.”

“போன்னா போ!”

மூங்கில் தடி எளிதில் உருளக்கூடியது. சேறு வழுக்கல். அது செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை, பிடித்து நிற்பதை விட்டுவிட்டால் போதும். விட்டுவிட்டது. சரிவில் இரண்டு புரள் புரண்டு நேராக இண்டம் புதருக்குள் தலையைக் கொடுத்தது. முள் கவரைப் பிடித்துக்கொண்டது.

“தடி!” என்று தமயந்தி பதறினாள். அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. ஓடிவந்து இழுத்தாள். முள் விடவில்லை. காலை ஊன்றி முழுப் பலத்தோடு இழுத்தாள். சர்ரென்று கவர் நீளமாகக் கிழிந்தது.

“ஐயோ ராசா!” என்றது கவர். பாவம், அது முள்ளிலேயே தொங்கிப்போயிற்று. காற்று அதை ஊதிப் பெரிதாக்கி, கொடி மாதிரி ஆட்டியது.

மழை உப்பின் மேல் விழுந்தது.

உப்பு பயந்தது. பயப்படவில்லை என்று சொன்னால் பொய். முதல் துளி ஊசி மாதிரி இறங்கியது. ஓரத்தில் இருந்த கல் ஒன்று கூர் மழுங்கியது. அடுத்தது பாதியாயிற்று. நாலு நாளாகக் காப்பாற்றிய உடம்பு. ஆனால் இன்னொன்றும் நடந்தது. இவ்வளவு நாள் ஒரு கவரின் அளவுக்குத்தான் இருந்தது உப்பு. இப்போது துணி முழுக்கப் பரவியது, தடியில் வழிந்தது, தமயந்தியின் கைக்குள் போயிற்று.

அவள் மணிக்கட்டில் ஒரு அட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தது. உப்புத் தண்ணீர் அதன் மேல் பட்டதும், “யாரோ நெருப்பு வெச்சிட்டாங்க!” என்று சுருண்டு விழுந்தது.

தமயந்தி விழுந்த அட்டையைப் பார்த்தாள். துணியைப் பார்த்தாள். முள்ளில் பறந்துகொண்டிருந்த கவரைப் பார்த்தாள். லூர்து சொன்னதில் இருந்த “நனைச்சு” என்கிற வார்த்தை நாலு நாள் தாமதமாக அவள் காதுக்குள் வந்து சேர்ந்தது.

“அட எருமை!” என்றாள். தன்னைத்தான்.

அவசரமாக முடிச்சை அவிழ்த்துத் தடியிலிருந்து எடுத்தாள். டிபன் மூடியில் மழைத் தண்ணீரைப் பிடித்தாள். துணியை அதில் அமுக்கிப் பிசைந்தாள். ஒரு கல்லைக்கூட மிச்சம் வைக்கவில்லை. நாயை மடியில் சாய்த்து, தலையைப் பிடித்துக்கொண்டாள். “கொஞ்சம் எரியும்டா. பொறுத்துக்க. என் தங்கம்ல.” துணியின் முனையைப் பிழிந்து மூக்கில் சொட்டுவிட்டாள்.

உள்ளே இருட்டு. அட்டை தூக்கக் கலக்கத்தில் கேட்டது: “யாரது?”

“உப்பு.”

“ஓ, நீயா? கவரோட வந்து கன்னத்தத் தடவிட்டுப் போற ஆளுதானே? வா வா.”

“இன்னைக்குக் கவர் இல்ல,” என்றது உப்பு.

அதற்குப் பிறகு பேச்சு நடக்கவில்லை. சர்வேயர் நாலு காலையும் உதைத்தது, ஊளையிட்டது, தலையைச் சிலுப்பியது. கறுப்பு முனை வெளியே நீண்டது. தமயந்தி அதைத் துணியால் பிடித்து இழுத்தாள். பாதி விரல் நீளத்துக்கு வந்தது. தூரப் போட்டாள். நாய் எழுந்து நின்று ஒரு தும்மல் போட்டது பாருங்கள், மலைக்கே ஒரு தடவை தூக்கிவாரிப் போட்டது.

பிறகு அசையாமல் நின்றது. மூக்கை உயர்த்தியது. ஒரு பக்கம் திருப்பியது. மறுபக்கம் திருப்பியது.

“என்னடா?” என்றாள் தமயந்தி.

ஈர விறகு எரிகிற வாசனை. ரொம்பத் தூரத்தில், வலது பக்கம், மேலே. கொஞ்சம் கருகின அரிசியும் அதோடு சேர்ந்து வந்தது.

நாய் கிளம்பியது. இந்தத் தடவை வாலைப் பற்றி அதற்கு ஞாபகமே இல்லை. வால் தொங்கிக் கிடந்தது. மூக்கு தரையை உழுதுகொண்டே போயிற்று. தமயந்தி தடியை ஊன்றிக்கொண்டு, விழுந்து எழுந்து, பின்னாலேயே ஓடினாள். வெளிச்சம் போவதற்கு முன் கொட்டகையின் தகரக் கூரை பனிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது.

கொட்டகையில் காவலுக்கு இருந்தவர் சடையாண்டி. அடுப்பில் கஞ்சி கொதித்தது.

“இந்த மழையில எப்புடி அம்மிணி வழி கண்டுபிடிச்ச?” என்றார்.

“நான் கண்டுபிடிக்கலீங்கண்ணா,” என்றாள் தமயந்தி. அடுப்புப் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்தாள். நாய் அவள் மடியில் தலையை வைத்த அடுத்த நொடி தூங்கிவிட்டது.

சடையாண்டி கஞ்சியை ஊற்றிக் கொடுத்தார். கையைப் பிசைந்தார்.

“உப்புத் தீந்து மூணு நாளாச்சு. ஊசிமேட்டுலயிருந்து வர்றவங்க கையில எப்பவும் உப்புத் துணி இருக்குமே. உன்கிட்ட இருக்குதா?”

“இருந்துச்சுங்கண்ணா.” அவள் ஈரத் துணியை விரித்துக் காட்டினாள். அதில் ஒன்றும் இல்லை.

கதவோரம் சாத்தி வைத்திருந்த தடி அந்தத் துணியிடம் மெல்லக் கேட்டது. “ஏம்ப்பா, நம்ம ஆளு இருக்கானா?”

“தேடிப் பாத்துட்டேன். ஒரு பொடிகூட இல்ல,” என்றது துணி.

தடிக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. நாலு நாளாக அந்த ஆளைத் திட்டிக்கொண்டே வந்திருந்தது.

சடையாண்டி ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார். “சப்புன்னு கெடக்குது,” என்றார். “இதை எப்புடிக் குடிக்கிறது?”

சர்வேயர் தூக்கத்திலேயே நாக்கை நீட்டி, மூக்கை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை நக்கிக்கொண்டது.

“எனக்கு உப்பு சரியா இருக்கே,” என்றது.